மாதிரிப் பிள்ளை

பூவரசம்பாளையம் பள்ளிக்கூடத்தில் சாப்பாட்டு மணி அடித்தால், முன்பெல்லாம் மெயின் ரோட்டில் போகிற பஸ் டிரைவர்கூட ஒருதரம் திரும்பிப் பார்ப்பார். அப்படி ஒரு கூச்சல். இப்போது மணி அடித்து ஓய்ந்த பிறகும் அதன் அதிர்வு மட்டும்தான் காதில் நின்றது. பிள்ளைகள் வரிசையாக எழுந்தார்கள், வரிசையாகத் தட்டெடுத்தார்கள், வரிசையாக உட்கார்ந்து தின்றார்கள். எவனும் சாம்பார் வாளியைத் தட்டிவிடவில்லை. எவளும் பக்கத்துத் தட்டு முட்டையைப் பிடுங்கவில்லை. பார்த்தவர்கள் எல்லாரும் மெச்சினார்கள். தெரபி டீச்சர் மேனகா மட்டும் மெச்சவில்லை.

பென்சில் பிடிக்க விரல் ஒத்துழைக்காத பிள்ளை, மிக்சி சத்தத்துக்கே காதைப் பொத்திக்கொண்டு அலறுகிற பிள்ளை, கோபம் வந்தால் தன் கையையே கடித்துக்கொள்கிற பிள்ளை, ஓரிடத்தில் உட்காரவே முடியாத பிள்ளை. இவர்களுக்கெல்லாம் அவரவர் உடம்பை அவரவருக்கே பழக்கிக் கொடுப்பது மேனகாவின் வேலை. அவள் அறையில் துணி ஊஞ்சல் இருந்தது. மணல் மூட்டை, லாரி டயர், கை விட்டு அளைய ஒரு தொட்டி நிறையப் புளியங்கொட்டை எல்லாம் இருந்தன. மற்ற டீச்சர்கள் அதை 'மேனகாவின் பொருட்காட்சி' என்று கிண்டல் செய்வார்கள். செய்துவிட்டு, அடங்காத பிள்ளை ஒன்று வகுப்பில் கிடைத்தால் அங்கேதான் ஓட்டிக்கொண்டு வருவார்கள்.

ஜூன் மாதம் பட்டை வந்தது. ஊஞ்சலைக் கழற்றிவிட்டு, அது தொங்கிய கொக்கியில் சார்ஜர் வயர்களைக் கட்டினார்கள்.

பெட்டியில் 'நிதானம்' என்று அச்சடித்திருக்கும். பிள்ளைகள் வாயில் அது வெறும் பட்டை. விரல் அகலத்தில் ஒரு நாடா, பின்கழுத்தில் ஒட்டிக்கொள்ளும். பிள்ளையின் மூச்சும் நாடியும் எகிறத் தொடங்கினால் மோப்பம் பிடித்து, கழுத்து நரம்புக்கு ஒரு மெல்லிய துடிப்பை அனுப்பும். அவ்வளவுதான், பிள்ளை அடங்கிவிடும். டீச்சர்கள் தொண்டை வற்றக் கத்த வேண்டியதில்லை. பனியன் கம்பெனியில் ரெண்டு ஷிப்டு பார்த்துவிட்டு வருகிற அம்மாக்கள் வீட்டில் கண்ணயரலாம். வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிற ஊர் இது. அடங்கியதெல்லாம் ஒழுக்கம் என்று நம்பாமல் இருக்குமா?

நம்பாத பிள்ளை ஒன்று இருந்தது. மூன்றாம் வகுப்பு இதழினி.

இதழினியின் உடம்புக்கு எதிலாவது மோதிக்கொண்டே இருக்க வேண்டும். நடக்கச் சொன்னால் ஓடுவாள், ஓடினால் சுவரில் போய்த்தான் நிற்பாள். சட்டைக் காலரைச் சவைத்தே கந்தலாக்குவாள். அவளோடு மேனகா ஒரு வருஷம் மல்லுக்கட்டியிருக்கிறாள். தண்ணீர் கேன் வண்டியைத் தள்ள வைத்தாள், கயிறு இழுக்க வைத்தாள், புத்தக மூட்டை தூக்க வைத்தாள். கடைசியில் ஒருநாள் கணக்கு வகுப்பின் நடுவில் இதழினி தானே கையைத் தூக்கி, "டீச்சர், எனக்குத் தள்ளோணும்" என்றாள். எழுந்து போய்ச் சுவரில் இரண்டு கையையும் ஊன்றி மூச்சுப் பிடித்துத் தள்ளினாள். உடம்பு ஓய்ந்ததும் திரும்பி வந்து உட்கார்ந்து கணக்கைப் போட்டாள். அன்று மேனகா வீட்டுக்குப் போய்ப் பாயசம் வைத்தாள்.

அந்த இதழினிதான் இப்போது பட்டையைப் பிய்த்துப் பிய்த்துப் போடுகிறாள்.

"ஏங் கண்ணு, அரிக்குதா?" என்று கேட்டாள் மேனகா.

"இல்லீங் டீச்சர். அதப் போட்டா எனக்குப் பயமா இருக்குது."

"எதுக்குப் பயம்?"

"தெரியலீங். அது என்ற பயம் இல்லீங் டீச்சர். வேற யாரோடதோ."

குழந்தை ஏதோ உளறுகிறது என்று வேறு யாராவது விட்டிருப்பார்கள். மேனகாவுக்கு ஒரு தொழில் பழக்கம் உண்டு. பிள்ளைகளின் முகத்தை அவள் கடைசியில்தான் பார்ப்பாள், முதலில் கையையும் காலையும் பார்ப்பாள். அன்று சாப்பாட்டு வரிசையில் பார்த்துக்கொண்டே போனாள். தட்டைப் பிடிக்காத கை ஒவ்வொன்றும் மூடியிருந்தது. கட்டைவிரலை உள்ளே வைத்து நான்கு விரலும் அதைப் பூட்டியிருந்தன. ஒரு பிள்ளை அப்படி வைத்தால் அது அந்தப் பிள்ளையின் பழக்கம். பள்ளிக்கூடமே வைத்தால்?

மறுநாள் தலைமையாசிரியர் பழனிவேல் அவளைக் கூப்பிட்டார். கெட்டவர் என்று அவரைச் சொல்ல முடியாது. கூரை ஒழுகிய பள்ளிக்கூடத்தை அலைந்து திரிந்து கட்டடமாக்கியவர். பிரம்பைக் கையால் தொட்டதில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

"மேனகா, வெள்ளிக்கிழம சென்னையில இருந்து அதிகாரியம்மா வர்றாங்க. அவங்க சரின்னா ஜில்லா பூராத்துக்கும் பட்டைதான். அன்னைக்கி ஒரு கழுத்துகூட வெறுங்கழுத்தா இருக்கப்படாது. அந்த இதழினி போட்டுக்கிட்டா இருக்கட்டும். இல்லாட்டி டீ.சி.ய வாங்கிட்டுப் போகட்டும்."

"சார், அவதான் பட்டை இல்லாமயே தன்ன அடக்கிக்கப் பழகிட்டாளே."

"கிளாஸ் நடுவுல எந்திரிச்சுப் போய் செவுத்தத் தள்றதுக்குப் பேரு அடங்கறதா?"

"ஆமாங்க சார், அதுதான் அடங்கறது. போன மாசம் கரண்ட் போயி பட்டை சார்ஜ் ஏறாத அன்னைக்கு நீங்களே பாத்தீங்கல்ல? தானா மூச்சு விட்டு அழுகைய நிறுத்தப் பழகுன பசங்ககூட எப்படின்னு தெரியாமத் தரையில உருண்டாங்க. கத்துக்கிட்டதெல்லாம் மறந்து போச்சுங்க."

"அஞ்சுல வளையாதது அம்பதுல வளையுமா?"

"வளைக்கத்தானுங்க நானும் பாக்கறேன். இது ஒடிக்குதுங்க."

பழனிவேல் மேஜையிலிருந்த பேனாவை நேராக்கி வைத்தார். பேச்சு முடிந்தது என்று அர்த்தம்.

பட்டைக் கம்பெனி ஆள் ஆதித், சார்ஜர் அறையாகிவிட்ட மேனகாவின் அறையில்தான் உட்கார்ந்திருப்பான். நல்ல பையன், கேட்டால் எதையும் மறைக்க மாட்டான். தன் இயந்திரத்தின் மேல் அவனுக்கு அவ்வளவு காதல்.

"ஆதித், எது அமைதின்னு இந்தப் பட்டைக்கு யாரு சொல்லிக் குடுத்தது?" என்று மேனகா கேட்டாள்.

"அதுதான் மேடம் எங்க ஸ்பெஷாலிட்டி. அமைதின்னா இவ்வளவுன்னு ஒரு நம்பர் வச்சுட முடியாது. காலையில ஒரு மாதிரி இருக்கும், சாப்பிட்டப்புறம் ஒரு மாதிரி, வெயில்ல ஒரு மாதிரி. அதனால ஒவ்வொரு ஸ்கூல்லயும் ரொம்ப அமைதியான ஒரு பிள்ளைய மாதிரியா எடுத்துக்குவோம். அந்தப் பிள்ளையோட பட்டை நேரடியா மத்த பட்டைங்களுக்கு அனுப்பிக்கிட்டே இருக்கும். மாதிரிப் பிள்ளை எப்படி இருக்கோ அப்படியே எல்லாரும் இருப்பாங்க."

"அந்தப் பிள்ளைய யாரு தேடிப் புடிச்சது?"

"டீச்சர்ஸ்கிட்டயே கேட்டோம். எல்லாரும் ஒரே பேரத்தான் சொன்னாங்க. ஹெச்.எம். சார் பொண்ணு, சம்யுக்தா. என்ன மாதிரி பொண்ணு மேடம்! உக்கார வச்சா வச்ச இடத்துல இருக்கா. நாடி அவ்வளவு நிதானம்."

"பருந்து நெழல் விழுந்தா கோழிக்குஞ்சு என்ன பண்ணும் தெரியுமா ஆதித்? ஓடாது. கத்தாது. அப்படியே உறைஞ்சு கெடக்கும். அப்ப அதோட நெஞ்சுகூட மெதுவாத்தான் அடிக்கும்."

"இருக்கலாம் மேடம். ஆனா டேட்டாவுல ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியும்" என்றான் ஆதித், கள்ளமில்லாமல்.

நான்காம் வகுப்பில் முதல் பெஞ்சில் சம்யுக்தா உட்கார்ந்திருந்தாள். எண்ணெய் வைத்து வழித்த தலை, முழங்கால்மேல் இரண்டு கையும். கட்டைவிரல் இரண்டும் உள்ளே. மேனகா அவளை வெளியே மரத்தடிக்கு அழைத்துப் போனாள். அவசரப்படாமல் ஒரு கையை எடுத்து விரல் விரலாகப் பிரித்தாள். உள்ளங்கை வெயிலிலும் ஐஸ்கட்டி போல இருந்தது.

"வீட்டுல யாராச்சும் அடிப்பாங்களா கண்ணு?"

"இல்லீங் மிஸ். அப்பா அடிக்கவே மாட்டாரு."

"பின்ன?"

சம்யுக்தா சுற்றிலும் பார்த்துக்கொண்டாள். "எண்ணுவாரு."

"என்னது?"

"நான் சத்தம் போட்டா, ஓடுனா, சோத்தக் கொட்டுனா, ஒண்ணும்பாரு. அப்பறம் ரெண்டும்பாரு. மூணு சொன்னதே இல்லீங் மிஸ். அதுக்குள்ள நான் நின்னுருவேன்."

"மூணு சொன்னா என்ன ஆகும்?"

"அதுதான் மிஸ் எனக்குத் தெரியாது."

பிள்ளையின் முகத்தைப் பார்க்க முடியாமல் மேனகா மரத்தைப் பார்த்தாள். அழுகை வந்தது, கூடவே ஆத்திரமும். பிரம்பைத் தொடாத மனிதர், வாயாலேயே ஒரு பிள்ளையை உறைய வைத்திருக்கிறார். அந்த உறைவை அளந்து, அதற்கு நிதானம் என்று பெயர் வைத்து, பள்ளிக்கூடம் முழுவதற்கும் ஊட்டிக்கொண்டிருக்கிறார்கள். இனி ஜில்லா முழுவதும் ஊருக்கு ஒரு சம்யுக்தாவைத் தேடுவார்கள். டீச்சர்களும் கை நீட்டிக் காட்டுவார்கள்.

பழனிவேலிடம் போய் உள்ளதைச் சொன்னாள். அவர் முகத்தில் ஈயாடவில்லை. பிறகு கோபம் வந்தது.

"என்ற பொண்ணு பயந்தவ இல்ல மேனகா. மரியாத தெரிஞ்சவ. எங்கப்பா என்னைய வளத்த மாதிரி நான் வளக்கறேன். அவரு பெல்ட்டக் கழட்டுவாரு. நான் அதையுங்கூடச் செய்யறதில்ல. வெள்ளிக்கிழமைக்குள்ள அந்தப் புள்ளைக்குப் பட்டைய ஒட்டி வையுங்க. ஊஞ்சல் ஆட்டுற வேலைய வேற பள்ளிக்கொடத்துல தேடிக்கற மாதிரி வச்சுக்காதீங்க."

வெள்ளிக்கிழமை காலை கேட்டருகே இதழினியின் அம்மா தர்ஷினி மகளோடு நின்றிருந்தாள். ஓவர்லாக் தையல் மெஷினில் நைட் ஷிப்டு முடித்த கண். கையில் பட்டை.

"டீச்சர், போட்டு உட்டர்றேனுங்க. டீ.சி.யக் கையில குடுத்துட்டா இந்தப் புள்ளைய எங்கீங்க கொண்டு போவேன்? பக்கத்துல வேற பள்ளிக்கொடம் ஏது?"

போடாதே என்று சொல்ல மேனகாவுக்கு நாக்கு வரை வந்தது. சொல்லவில்லை. பிள்ளை தர்ஷினியுடையது, டீ.சி.யும் அவள் கைக்குத்தான் வரும்.

"நீங்கதான் முடிவு பண்ணோணும் தர்ஷினி. ஒண்ணே ஒண்ணு மட்டும் செய்யுங்க. மொதல்ல உங்க கழுத்துல ஒட்டிப் பாருங்க. நேத்து நானும் ஒட்டிப் பாத்தேன்."

தர்ஷினி சிரித்துக்கொண்டே ஒட்டினாள். "இந்த அசதிக்கு எனக்கே ஒண்ணு வேணுமுங்க" என்றாள். உள்ளே வராந்தாவில் பழனிவேலின் குரல் கேட்டது, யாரையோ நாற்காலி போடச் சொல்லிக்கொண்டிருந்தார். தர்ஷினியின் சிரிப்பு பாதியில் நின்றது. தோள் ஏறியது. கை தானாக மூடிக்கொண்டது.

"டீச்சர்..." என்றாள் மெதுவாக. "எங்கப்பன் குடிச்சுப்போட்டு வாசல்ல செருப்பக் கழட்டுற சத்தம் கேக்கறாப்புல இருக்குதுங்."

பட்டையை உரித்துத் தரையில் போட்டு மிதித்தாள். "செத்தாலும் என்ற புள்ள கழுத்துல இது ஏறாது. டீ.சி. குடுத்தாக் குடுக்கட்டும்" என்று சொல்லி இதழினியின் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே நடந்தாள்.

ஹாலில் பள்ளிக்கூடமே வரிசையில் உட்கார்ந்திருந்தது. மேடையில் அதிகாரியம்மா. ஓரத்தில் பூச்செண்டோடு சம்யுக்தா. பெரிய திரையில் பட்டை போட்ட ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு புள்ளி, எல்லாம் பச்சை. பழனிவேல் பேசத் தொடங்கினார். பள்ளி பட்ட கஷ்டம், கட்டடம் வந்த கதை, பட்டை வந்த பிறகு தேறிய மார்க். பேச்சு நீண்டது. கடைசி வரிசையில் இதழினி முன்னும் பின்னும் ஆடினாள், காலரைச் சவைத்தாள், பிறகு கையைத் தூக்கினாள்.

"எனக்குத் தள்ளோணும்!"

யாரும் பதில் சொல்லுமுன் எழுந்து ஓடி, பக்கச் சுவரில் கையை ஊன்றி, 'ம்ம்ம்' என்று முக்கித் தள்ளினாள். அதிகாரியம்மா எட்டிப் பார்த்தார்.

பழனிவேல் சிரித்தபடியேதான் சொன்னார். மைக் வாயருகே இருந்தது. பல வருஷப் பழக்கம், நாக்கு தானாகச் சொல்லிவிட்டது. "இதழினி, வந்து உக்காரு. ஒண்ணு..."

மேடை ஓரத்தில் சம்யுக்தா உறைந்தாள். ஹால் மூச்சை நிறுத்தியது. அடங்கி உட்கார்ந்திருந்த பிள்ளைகள் அத்தனை பேரும் ஒரே நொடியில் இறுகினார்கள். தோள்கள் காது வரை ஏறின. எல்லாக் கைகளும் பூட்டிக்கொண்டன. திரையில் பச்சை இன்னும் அடர்ந்த பச்சையானது.

"பாருங்க மேடம், இவ்வளவு டிஸ்டர்பன்ஸ்லயும் நூத்துக்கு நூறு!" என்றான் ஆதித், பூரிப்போடு. அதிகாரியம்மா கை தட்டத் தூக்கினார்.

"தட்டாதீங்க மேடம்." மேனகா எழுந்து நின்றிருந்தாள். "திரையப் பாக்காதீங்க. எறங்கி வந்து கையப் பாருங்க."

"மேனகா, உக்காருங்க" என்றார் பழனிவேல்.

"உக்கார மாட்டேன் சார்."

அதிகாரியம்மா இறங்கினார். முதல் வரிசையில் ஒரு பையனின் கையைப் பிடித்துப் பிரித்தார். திடுக்கிட்டு அடுத்த பெண்ணின் கையைத் தொட்டார். "என்னம்மா இது, இப்படிச் சில்லுனு இருக்கு? எதுக்குப் பயப்படறே?"

"தெரியல மிஸ்."

"நீ?"

"தெரியல மிஸ்."

மேனகா மேடைப் பக்கம் திரும்பினாள். "ஒண்ணு சொல்லிட்டீங்க. நிறுத்திட்டீங்களே சார்? ரெண்டு சொல்லுங்க. அந்தப் பச்ச இன்னும் எவ்வளவு கருக்குதுன்னு எல்லாரும் பாக்கட்டும். சொல்லுங்க!"

பழனிவேல் வாயைத் திறந்தார். இரண்டு வரவில்லை. அந்த அமைதியில் சுவரைத் தள்ளுகிற இதழினியின் முக்கல் மட்டும் கேட்டது. பிறகு அதுவும் ஓய்ந்தது. அவள் கையை உதறிக்கொண்டு திரும்பி, எல்லாரும் தன்னைப் பார்ப்பதைப் பார்த்தாள்.

"நீ என்னம்மா பண்ணே?" என்று கேட்டார் அதிகாரியம்மா.

"செவுத்தத் தள்ளுனேன் மிஸ். தள்ளுனா உள்ளுக்குள்ள குதிக்கறது நின்னுரும். அப்பறம் உக்காந்துக்குவேன்." சொன்னபடி போய் உட்கார்ந்துகொண்டாள். சம்மணம் போட்டு, விரல்களை மடியில் விரித்து வைத்து.

"இதுக்குத்தானுங்க இன்னைக்கி டீ.சி. தர்றோம்னாங்க" என்றாள் தர்ஷினி கதவருகே இருந்து.

மேடை ஓரத்தில் பூச்செண்டு கீழே விழுந்தது. விழவில்லை, சம்யுக்தா அதைக் கீழே வைத்துவிட்டாள். பின்கழுத்துக்குக் கையைக் கொண்டுபோய்ப் பட்டையின் நுனியை நகத்தால் கிளப்பினாள். ஒரே இழுப்பு. திரையில் பச்சைப் புள்ளிகள் ஒவ்வொன்றாகச் சாம்பலாயின.

"அப்பா, மூணு சொன்னா என்ன ஆகும்?"

அவரும் மூன்று வரை எண்ணிப் பார்த்ததில்லை.

"எனக்கும் தள்ளோணும்" என்றாள் சம்யுக்தா.

படியில் இறங்கி நடந்தாள். பாதியில் ஓடினாள். ஓடத் தெரியாத ஓட்டம், கை ஒரு பக்கம் கால் ஒரு பக்கம். சுவரில் போய் மோதி, உள்ளங்கை இரண்டையும் பதித்து, பல்லைக் கடித்துத் தள்ளினாள். இதழினி எழுந்து போய்ப் பக்கத்தில் நின்றாள். "இப்பிடி இல்லக்கா. காலக் கொஞ்சம் பின்னால வையி. வயித்துல இருந்து தள்ளோணும்." சம்யுக்தாவின் வாயிலிருந்து ஒரு சத்தம் கிளம்பியது. முதலில் முனகலாக, பிறகு ஹாலே அதிர்கிற கூவலாக.

அதற்குள் மற்ற பிள்ளைகளுக்கு மூச்சு திரும்பியிருந்தது. ஒன்று அழுதது. ஒன்று காரணமே இல்லாமல் சிரித்தது. நாலைந்து பேர் எழுந்து சுவருக்கு ஓடினார்கள், அப்புறம் ஒரு கூட்டமே ஓடியது. ஆதித் ஐபேடைத் தட்டித் தட்டிப் பார்த்தான். அதிகாரியம்மா அவனிடம் அதை வாங்கி, திரை கீழே பார்க்கும்படி மேஜைமேல் கவிழ்த்து வைத்தார். அவர் ஏதோ சொன்னார், கூச்சலில் யாருக்கும் கேட்கவில்லை. மெயின் ரோட்டில் ஒரு பஸ் நிதானித்துப் போனது.

பழனிவேல் மட்டும் மேடையில் நின்ற இடத்திலேயே நின்றார். மேனகா பழக்கப்படி முகத்தை விட்டுவிட்டுக் கையைப் பார்த்தாள். முதுகுக்குப் பின்னால் வலது கை மூடியிருந்தது. கட்டைவிரல் உள்ளே. நான்கு விரலும் அதை இறுகப் பூட்டியிருந்தன.

அவர் கழுத்தில் பட்டை எதுவும் இல்லை.

மேனகா படியேறி அவர் பக்கத்தில் போய் நின்றாள்.

"வாங்க சார்" என்றாள். "செவுத்துல இன்னும் எடமிருக்குது."